கோட்டின் தடிமன்

ஐந்தாம் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும்.
நாடு முழுக்கப் பச்சையை எண்ணுகிறார்கள்,
சேலத்தின் பங்கு இன்னும் வரவில்லையென்று
மூன்று மின்னஞ்சல், ஒரு நினைவூட்டு, நேற்று ஒரு போன்.
அஸ்தம்பட்டி அலுவலகத்தில்
சத்தம் மட்டும் போடும் மின்விசிறிக்குக் கீழே
ஒப்பந்த ஊழியை நான்
சேர்வராயனை மூடப் பார்க்கிறேன்.

மூடுவதென்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
கிளம்பின புள்ளிக்கே கோடு திரும்பி வரணும்.
வந்தால் உள்ளே இருப்பது காப்புக்காடு.
வராவிட்டால்
அது வெறும் கோடு, மரம் எத்தனை நின்றாலும்.

திரும்பவில்லை.
முப்பத்தாறாம் கல்லுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே
ஒரு பல் விழுந்த இடம்.

போனோம். நானும் சடையப்பனும்,
நான்கு மாதச் சம்பளம் வராத வேட்டைத் தடுப்புக் காவலர்,
என்னைவிட இரண்டு வயது சின்னவர்.
இருபது கொண்டை ஊசியும் ஏறி
நாகலூர்ப் பக்கம் வண்டியை நிறுத்தினால்
சில்வர் ஓக் நிழலில் காப்பி பூத்துக் கிடக்கிறது,
கைக்கருவிக்கு வானம் தெரியவில்லை.
"கொஞ்சம் பொறுங்க மேடம், கிழக்க போனா கிடைக்கும்."
கிழக்கே போனோம். கல் கிடைத்தது.
முப்பத்தேழாம் கல்லில்
செல்லம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

அம்புக்குறி அடியில் இருந்தது, எண் சோப்பு நுரைக்குள்.
யார் நகர்த்தியது என்று நான் கேட்கவில்லை.
எங்கிருந்து என்று கேட்டேன்.
"நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இங்கதான் கெடந்துச்சு.
ஏன், இதுக்கும் வரி போடறீங்களா?"
போர்வையைப் பிழிந்தார். என் செருப்பெல்லாம் தண்ணீர்.

வனத்துறை வரைபடம் ஒன்று சொல்கிறது,
எஸ்டேட் பத்திரம் ஒன்று சொல்கிறது.
இரண்டுக்கும் இடையே பதினோரு மீட்டர்
யாருக்கும் இல்லாமல்.
அங்கே இறங்கினோம். பெரணிக்குள் ஓர் ஊற்று,
குடத்தை முழுதாய் முக்க முடியாத ஊற்று.
சேற்றில் காட்டெருதுக் குளம்புகள்,
பெரியவை, பக்கத்திலேயே கைப்பிடி அளவில் சின்னவை.
ஒவ்வொரு குளம்பிலும் கொஞ்சம் வானம் தேங்கியிருந்தது,
கருவிக்குக் கிடைக்காத அதே வானம்.

ராத்திரி கணக்குப் போட்டேன்.
ஐம்பதாயிரத்தில் ஒன்று என்ற அளவில்
அரை மில்லிமீட்டர்க் கோடு
தரையில் இருபத்தைந்து மீட்டர்.
ஆக, ஊற்று காட்டிலும் இல்லை, எஸ்டேட்டிலும் இல்லை,
கோட்டில் இருக்கிறது.
துவைக்கிற கல்லும், கொடியில் காயும் போர்வையும்கூட.
இதே கோடு
தில்லியில் சுவரில் மாட்டப்போகும் படத்துக்குப் போனால்,
நாற்பது லட்சத்தில் ஒன்று,
இரண்டு கிலோமீட்டர் தடிமன்.
ஊரே படுத்துத் தூங்கும் அதற்குள்,
பள்ளிக்கூடம், மிளகுக் கொடி, பஸ் நிற்கிற வேப்பமரம்,
யாராவது ஒருவர் பேனாவை அழுத்திவிட்டால்
அடுத்த ஊரும்.

அங்கே திட்டம் போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை.
எவ்வளவு இருக்கிறதென்று தெரியாமல்
எதைத்தான் காப்பாற்றுவது?
கீழே கன்னங்குறிச்சியில் நின்று பார்த்தால்
இந்த மலை மொத்தமும் ஒரு கட்டைவிரலில் மறைகிறது.
நானும் அப்படித்தான் மறைத்துப் பார்த்திருக்கிறேன்.

கல்லை அது கிடக்கிற இடத்திலேயே வைத்து மூடினேன்.
காடு செல்லம்மாளின் புழக்கடைக்குள் லேசாகப் புடைத்தது.
பரப்பளவு கூடுகிறது, சம்மதமா என்றது திரை.
ரத்து செய்தேன்.
பழைய வரைபடத்துப் புள்ளியில் வைத்தேன்.
ஊற்று வெளியே விழுந்தது. அதையும் ரத்து செய்தேன்.
வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எந்தப் புள்ளியில் மூடினேன் என்பது
இப்போது வேண்டாம்.
மூடியது. பச்சை நிரம்பியது.

குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு,
இருநூற்று ஐம்பத்து நான்கு இடம்.
தமிழில் எழுதினால் ஒவ்வோர் உயிரும் மெய்யும்
மும்மூன்று இடம் தின்னும், தெரியும்.
தெரிந்தேதான் தமிழில் எழுதினேன்.
அனுப்பிய பிறகு திறந்து பார்த்தேன்,
எவ்வளவு போய்ச் சேர்ந்ததென்று:

இந்தக் கோட்டுக்குள் ஓர் ஊற்று. பங்குனியில் காட்டெருதுகள் கன்றுகளோடு வந்து குடிக்கின்றன. தயவு